அஞ்சலை இரண்டு தடவை பார்த்த படம்

அஞ்சலை மேல் அன்றைக்கு எனக்கு வந்த பொறாமை, அதற்குப் பிறகு வேறு யார் மேலும் வந்ததில்லை. இத்தனைக்கும் அவள் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிறவள். இரண்டு பேருக்கும் வயது எட்டு.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆட்சி மாறியிருந்த புதிது. அறுப்புக்கூலியை ஏற்றித் தராமல் அரிவாள் எடுக்கமாட்டோம், வெளியூர் ஆளையும் வயலில் இறங்க விடமாட்டோம் என்று அஞ்சலையின் அப்பாவும் அவர்கள் தெருவும் ஒரே பிடியாக நின்றார்கள். சம்பா முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது. அப்பா எல்லோரிடமும் எரிந்து விழுந்தார். சித்தப்பா மட்டும் சிரித்த முகமாக இருந்தார். "கூலியைப் பேசிக்கலாம். முதல்ல எல்லாரும் குடும்பத்தோட வந்து படம் பாருங்க" என்று சொல்லியனுப்பினார்.

கும்பகோணத்திலிருந்து புரொஜக்டர் வந்தது. எங்கள் ரைஸ் மில் குடோனில் காலையிலேயே படம். கம்பி போட்ட ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். எனக்கு மட்டும் அனுமதி இல்லை. "அவங்களோட தரையில போய் உக்காருவியா நீ?" என்று அம்மா அதட்டினாள்.

அவர்கள் உள்ளே போனதும் சித்தப்பா இரும்புக் கதவை வெளியே தாழிட்டார். வெளிச்சம் உள்ளே வராமலிருக்க என்று நினைத்தேன். சற்று நேரத்தில் இரண்டு லாரி நிறைய ஆட்கள் வயல் பக்கம் போனார்கள். நான் சுவரில் காதை வைத்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். படம் முடிந்து, முதல் பாட்டு மறுபடியும் ஆரம்பித்தது. எனக்கு ஒரு தடவைகூட இல்லை, அவளுக்கு இரண்டு தடவையா?

அப்போதுதான் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்கள். காவலுக்கு நின்றவன் டீ குடிக்கப் போயிருந்தான். சாக்கு விலகி அஞ்சலையின் முகம் தெரிந்தது.

"சின்னம்மா, கதவத் தெறங்க. அப்பா வயலுக்குப் போவணுமாம்."

"முடியாது."

"நீங்க உள்ள வந்து பாருங்க. நான் வெளிய போயிடறேன்."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நீ பாத்த மிச்சத்தை நான் பாக்கணுமா?" என்று கத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

பொழுது சாயும்போது திறந்துவிட்டார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர்கள் நேரே வயலுக்கு ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். அறுத்த நெல்லின் அடித்தாள் மட்டும்தான் மிச்சம். அஞ்சலையின் அப்பா வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் அவளிடம் படத்தின் கதையைக் கேட்டேன்.

"தெரியல சின்னம்மா. அப்பா கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் அப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

இரண்டு தடவை பார்த்தவளுக்குக் கதை தெரியாதாம்! எனக்குச் சொல்ல மனமில்லாமல் மறைக்கிறாள் என்று ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன். அவளும்தான் என்னோடு பேசவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.