பிலோமினா ஏன் மாலுக்குப் போனார்?

ஆடித் தள்ளுபடி முடிந்த மறுவாரம். ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வாசலில் சபாபதி வந்து நின்றார்.

சபாபதிக்கு சிக்பேட்டில் பட்டுப்புடவைக் கடை. தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து பெங்களூருக்கு வந்த குடும்பம். வீடு அல்சூரில், எங்கள் தெருவிலேயே. மனிதர் கன்னடத்தில் பேரம் பேசுவார், தமிழில் கோபப்படுவார். அன்று தமிழ்.

"சார், பிலோ போயிட்டா."

"அடடா... எப்போ? உடம்புக்கு என்ன?"

"ஐயோ, அந்தப் போறது இல்ல சார். வேலைய விட்டுட்டுப் போயிட்டா. மாலுக்கு!"

பிலோ என்றால் பிலோமினா. விவேக் நகர்க்காரர். தன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சபாபதி கடையில்தான் சேல்ஸ். என் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுத்துப் போட்டதே அவர்தான். கடைக்குள் ஒரு கும்பல் நுழைந்தால் போதும்... பணம் யார் பையில், முடிவு யார் வாயில் என்று கண்டுபிடித்துவிடுவார். பணக்காரருக்கு நாற்காலி போடுவார். புடவையை மட்டும் முடிவு எடுக்கிற அம்மாவின் முன்னால் விரிப்பார்.

அப்படிப்பட்டவர் போய்விட்டார் என்றால் சபாபதிக்கு ஒரு கை போன மாதிரிதான்.

"அங்கே சம்பளம் ஜாஸ்தியா?" என்று கேட்டேன்.

"அதான் சார் இல்ல! விசாரிச்சுட்டேன், கம்மி. அதுவும் வைட்ஃபீல்ட் போற ரோட்ல இருக்கு. ரெண்டு பஸ் மாறணும். என் கடைக்கு ஒரே பஸ்."

"அப்புறம் ஏனாம்?"

"'சும்மாதான் முதலாளி, ஒரு சேஞ்சுக்கு'ங்கறா. சேஞ்சாம் சேஞ்சு! ஏசி சார், ஏசி. யூனிஃபார்ம், கழுத்துல கார்டு... அதுல மயங்கிட்டா. போன வருஷம் ஜுரம்னு ஆஸ்பத்திரில படுத்தாளே, ஒரு நாள் சம்பளம் பிடிச்சேனா? நானே போய் ஹார்லிக்ஸ் வாங்கிக் குடுத்துட்டு வந்தேன் சார்."

அது உண்மை. சபாபதி கஞ்சன் இல்லை. கடையில் வேலை செய்கிறவர்களை அதட்டிக்கூட நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவருக்கு வலி அதிகம்.

"நீங்க ஒருவாட்டி போய்ப் பேசுங்க சார். எழுதறவர் சொன்னா கேப்பா."

என் எழுத்தின் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கை என் எடிட்டருக்கு இல்லை. சரி, போனேன். மனைவியையும் அழைத்துக்கொண்டு.

இந்த மால்களுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். வாசலில் பையைத் துழாவுகிறார்கள். உள்ளே போனால் ஊட்டிக் குளிர். பாதிப் பேர் கையில் வாங்கிய சாமான் எதுவும் இல்லை, சும்மா நடக்கிறார்கள். லால்பாகில் நடக்கிற மாதிரி. என்ன... மரம் இல்லாத லால்பாக்.

மூன்றாவது மாடியில் ஒரு பெரிய துணிக்கடை. "குட் ஈவினிங் மேம்" என்று ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தால் மெரூன் குர்தாவில் பிலோ!

"அய்யோ... சார்! அக்கா! நீங்களா?"

நலம் விசாரித்தோம். பிறகு நான் வந்த விஷயத்தை எடுத்தேன். "சபாபதி ரொம்ப வருத்தப்படறார்ம்மா. அங்கே ஏதாவது குறையா?"

"சேச்சே, முதலாளி தங்கமான மனுஷன் சார். ஒரு குறையும் இல்ல. நான் சும்மாதான்..."

"சும்மா யாராவது ரெண்டு பஸ் மாறி வருவாங்களா?"

பிலோ என்னைப் பார்க்கவில்லை. ஹேங்கரில் நேராகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சுடிதாரை மறுபடி நேராக்கினார். பிறகு என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

பெண்களுக்குள் ஏதோ டெலிபோன் லைன் இருக்கிறது. என் மனைவி உடனே கேட்டாள்: "பிலோ, இங்கே பாத்ரூம் எங்கே இருக்கு?"

இருவரும் போனார்கள். நான் சுடிதார்களுக்கு நடுவே நின்றேன். "மே ஐ ஹெல்ப் யூ சார்?" என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு உதவி தேவைப்பட்டது உண்மைதான். அவர்களால் செய்யக்கூடிய உதவி இல்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது என் மனைவியின் முகம் மாறியிருந்தது. "வாங்க, போகலாம்."

"நான் இன்னும் சரியாக் கேக்கவே இல்லையே?"

"நான் கேட்டாச்சு."

ஆட்டோவில் வரும்போதுதான் சொன்னாள்.

சபாபதி கடை இருப்பது பழைய கட்டிடம். பின்பக்கம் நாலைந்து கடைக்கும் சேர்த்து ஒரே ஒரு கழிப்பறை. மூட்டை இறக்குகிறவர்கள், டெம்போ டிரைவர்கள் எல்லோரும் போகிற இடம். கதவு சாத்தாது. சாத்தினாலும் தாழ்ப்பாள் கிடையாது. கடையில் இருக்கிற பெண்கள் யாரும் அந்தப் பக்கமே போவதில்லை.

அப்படியானால்?

அப்படியானால் ஒன்றுமில்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் ராத்திரி வீடு திரும்புகிற வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி ஒரு மடக்கு. அவ்வளவுதான். கல்யாண சீசனில் அதுவும் கிடையாது.

போன வருஷம் வந்தது வெறும் ஜுரம் இல்லை. சிறுநீரில் தொற்று. அதற்கு முன்னாலும் வந்திருக்கிறது. இன்னொரு தடவை வந்தால் கிட்னிக்குப் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார்.

"நிறையத் தண்ணி குடிங்கன்னு டாக்டர் சொல்லிட்டார் அக்கா. குடிச்சா எங்கே போறது?" என்று கேட்டாராம் பிலோ.

"முதலாளிகிட்டே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிக்கா? கல்லாவுல ஆம்பளைங்க. சுத்தி ஆம்பளைங்க. எந்த வார்த்தையில ஆரம்பிக்கிறது?"

மாலில் வேலை செய்கிற பெண்களுக்கென்று தனியாக ஒரு கழிப்பறை. சுத்தமாக இருக்கிறது. எப்போது திறந்தாலும் குழாயில் தண்ணீர் வருகிறது. புது வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி என் மனைவிக்கு அதைக் காட்டியிருக்கிறார். "பாருங்க அக்கா, தாழ்ப்பாள் எவ்வளவு நல்லா விழுது!"

ஆட்டோவில் எனக்குப் பழைய மேடை ஒன்று நினைவுக்கு வந்தது.

மால்கள் வருவது நாட்டுக்கு நல்லதா கெட்டதா என்று ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போய்ப் பேசினேன். முதலீடு வரும், வேலை வாய்ப்பு பெருகும் என்றார் ஒருவர். சின்னக் கடைகள் அழியும், கலாச்சாரம் கெடும் என்றார் இன்னொருவர். நான் வழக்கம்போல இரண்டுக்கும் நடுவில் நின்று கைதட்டல் வாங்கினேன். தாழ்ப்பாள் பற்றி யாரும் பேசவில்லை.

மால் ஒன்றும் சொர்க்கம் இல்லை. அங்கேயும் பிலோ நாள் முழுக்க நின்றுகொண்டுதான் இருக்கிறார். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவார். வீட்டுக்குக் கிளம்பும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போக முடிவதில்லை. அந்தக் கட்டிடத்தை யாரும் பிலோவை நினைத்துக் கட்டவும் இல்லை. காரில் வந்து இறங்குகிறவர்களுக்காகப் போட்ட பிளானில், வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த மூலைக்காக ஒரு பெண் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வருகிறார்.

சரி, இதைச் சபாபதியிடம் யார் சொல்வது? நான்தான்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். "அது வந்து சபாபதி... இந்த அடிப்படை சுகாதார வசதி..."

"என்ன சார், கார்ப்பரேஷன் நோட்டீஸ் மாதிரி பேசறீங்க? விஷயத்தச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் முகத்தில் முதலில் வந்தது எரிச்சல்தான்.

"அதுக்குப் போயா சார் வேலைய விட்டா? பக்கத்துலயே ஹோட்டல் இருக்கு. ஒரு நிமிஷம் போயிட்டு வரேன்னா நான் வேணாம்பேனா?"

காப்பி கொண்டு வந்த அவர் மனைவி லலிதா உள்ளே திரும்பிப் போகவில்லை.

"அந்த ஹோட்டல்ல லேடீஸுக்கு ஏதுங்க?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் ஏன் கடைக்கு வர்றதில்லன்னு நினைச்சீங்க?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லலிதா பி.காம். படித்தவர். கல்யாணமான புதிதில் கடையின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ள ஆசையோடு போனார். ஒரு வாரம் போனார், தலைவலி என்று நின்றுவிட்டார். 'அவளுக்கு வியாபாரத்துல இன்ட்ரஸ்ட் இல்ல சார்' என்று சபாபதி என்னிடமே எத்தனையோ தடவை குறைப்பட்டிருக்கிறார். தெருவுக்கே தெரிந்த குறை அது.

"தலைவலின்னுதானே சொன்னே?"

"தலைவலின்னு சொல்லலாம். இதச் சொல்ல முடியுமா? பக்கத்துல உங்க அப்பா உக்காந்திருந்தார்."

சபாபதி காப்பியைக் கையில் எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார்.

"இத்தன வருஷமா?"

"இத்தன வருஷமாத்தான்" என்றார் லலிதா. குரலை உயர்த்தவில்லை. என் காலி டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் போன் வந்தது. "சார், பின்னாடி போய்ப் பார்த்தேன். மனுஷன் போற இடமா அது? நான் இதுவரைக்கும் உள்ள எட்டிக்கூடப் பாத்ததில்ல சார்."

எப்படிப் பார்த்திருப்பார்? நமக்குத்தான் ஊர் முழுக்கச் சுவர் இருக்கிறதே!

பெண்களுக்குக் கழிப்பறை கட்ட, கடைக்குள்ளேயே மாடிப்படிக்கு அடியில் ஒரு இடம் கிடைத்தது. தீபாவளி ஸ்டாக் அடுக்குகிற இடம். ரேக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்றதும் மேனேஜர் முகம் சுருங்கியது. தரையைத் தோண்டிப் பைப் போடக் கட்டிட ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. சபாபதி அவரிடம் கன்னடத்தில் நயமாகப் பேசிப் பார்த்து, கடைசியில் தமிழில் பேசியிருக்கிறார். வேலை ஆரம்பமானது.

மேற்பார்வைக்கு லலிதாவே வந்தார். பை மாட்ட ஒரு கொக்கி, மூடி போட்ட குப்பைத் தொட்டி, ஒரு கண்ணாடி.

"குப்பைத் தொட்டி எதுக்கு உள்ள?" என்று கேட்டாராம் சபாபதி.

"உங்களுக்கு எதுக்குன்னு தெரியலல்ல... அதனாலதான் நான் வந்திருக்கேன்."

தசராவுக்குள் வேலை முடிந்தது. சபாபதி தானே மாலுக்குப் போய் பிலோவைப் பார்த்துக் கூப்பிட்டார். பிலோவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். ஆனால் வரவில்லை.

"ரொம்ப சந்தோஷம் முதலாளி. ஆனா இங்க என்னை சீனியர் ஆக்கப்போறாங்க. இப்ப விட்டுட்டு வந்தா நல்லாயிருக்காது."

"அவளுக்காகக் கட்டினது சார்..." என்று சபாபதி என்னிடம் வந்து புலம்பினார். சில நியாயங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், சேர வேண்டியவர் அங்கே இருப்பதில்லை.

ஆனால் கடையில் மற்ற பெண்கள் இருந்தார்கள். அவர்கள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். லலிதா கல்லாவில் உட்கார ஆரம்பித்தார். அதற்கப்புறம்தான் சபாபதிக்கே ஒரு விஷயம் பிடிபட்டது. முன்பெல்லாம் கல்யாணப் புடவை எடுக்க வருகிற குடும்பம், பாதியில் ஒரு வயசான அம்மா காதோடு ஏதோ சொன்னதும் மொத்தமாக எழுந்து போய்விடும். இப்போது எழுவதில்லை. காலையில் வந்தவர்கள் சாயந்திரம் வரை உட்கார்ந்து, சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

"விலை பிடிக்காமத்தான் எழுந்திருக்காங்கன்னு நினைச்சு, நான் குறைச்சு வேற குடுத்திருக்கேன் சார்!" என்றார். கண்ணில் உண்மையான துக்கம்.

அக்கம்பக்கத்துக் கடைப் பெண்களும் மெதுவாக வர ஆரம்பித்தார்கள். எதிர்க்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. தன் கடைப் பெண்கள் நாளைக்கு நாலு தடவை இங்கே வருவதால் வியாபாரம் கெடுகிறது என்று சண்டைக்கே வந்துவிட்டார். சபாபதி வாயைத் திறப்பதற்குள் கல்லாவிலிருந்து லலிதா சொன்னார்:

"வரட்டும் விடுங்க. எங்க கடைக்கும் ரெண்டு ஆள் தேவைப்படுது. வர்றவங்க அப்படியே இங்கேயே நின்னுட்டா எங்களுக்கு வசதிதான்."

மனிதர் திரும்பிப் போனார். போன வாரம் அவர் தன் கடை மாடிப்படிக்கு அடியில் குனிந்து, டேப் வைத்து அளந்துகொண்டிருந்ததாகத் தகவல்.

போட்டி வந்தால் தரம் உயரும் என்கிறார்களே... வாஸ்தவம்தான். உயர்வதற்கு முன் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது!