அரை நாள் சிஸ்டர்

பதினாறு வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டருக்கும் அக்கா, நோயாளிக்கும் அக்கா, அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேனுக்கும் அக்கா. வெள்ளை உடுப்பு போட்டவர்களைத்தான் சிஸ்டர் என்றார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதானே என்று கேட்கிறவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத பாக்கியசாலி. அக்கா என்றால் ஆயா. பெட்பேன் வைப்பாள், தரை துடைப்பாள், நகர முடியாதவரைத் தள்ளிக்கொண்டு போவாள். மருந்தைத் தொடுகிறவள் சிஸ்டர்.

ஒரு நாள் பெண்கள் வார்டில் ஒரு அம்மாவுக்கு உதடு நீலம் பாய்ந்திருந்ததை முதலில் பார்த்தவள் அக்காதான். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சொன்னாள். டூட்டியில் இருந்த சின்ன வயசு சிஸ்டர், "இப்பதான் பாத்துட்டு வந்தேங்க்கா. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றாள். அக்கா தன் வேலையைப் பார்த்தாள். அவள் அந்த வார்டைத் துடைத்து முடிப்பதற்குள் அந்த அம்மா போய்விட்டாள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவுக்குத்தான் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. கண் இருந்து என்ன பிரயோஜனம், சொன்னால் கேட்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. அப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது.

வேலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு கல்லூரி சாயங்காலத்தில் நர்சிங் பட்டப்படிப்பு நடத்தியது. ஐந்து வருஷம். பகலில் படித்த பிள்ளைகள் இவர்களுக்கு வைத்த பெயர் அந்திப் பட்டாளம். பட்டாளத்தில் ஒரு தையல்காரி, ஒரு பஸ் கண்டக்டர், பிள்ளைகள் வளர்ந்ததும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காத இரண்டு பேர், இவள். வகுப்பில் கொட்டாவி விட்டால் வாத்தியாரும் கூடவே கொட்டாவி விடுவார். அவரும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்தான். வீட்டில் பாடம் கேட்டது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த மகள். பாத்திரம் கழுவுகிற அம்மாவின் முதுகுக்குப் பின்னால் புத்தகத்தோடு நின்று, "நாடித் துடிப்பு எவ்வளவுக்குக் கீழ போனா டாக்டரக் கூப்பிடணும்? சீக்கிரம் சொல்லும்மா, எனக்குத் தூக்கம் வருது" என்று அதட்டுவாள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஐந்து வருஷமும் சாயங்காலச் சமையல் அவருடையது. உப்பு மட்டும் கடைசிவரை அவருக்கு வசப்படவில்லை.

கடைசி வருஷம் முழுக்கப் பகலில் வார்டு பயிற்சி. ஆஸ்பத்திரியில் லீவு கேட்டாள், தரவில்லை. வேலையை விட்டாள். முதல் வகுப்பில் தேறினாள். மூன்று பேரும் அன்றைக்கு வீட்டில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று பதறி வந்து கதவைத் தட்டினார்.

சந்தோஷம் அதோடு சரி.

முதலில் பழைய ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். "நேத்து வரைக்கும் உங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்ட ஆயாக்கள் நாளைக்கு நீங்க சொன்னா கேப்பாங்களா? ஒழுங்கு கெட்டுடும்" என்று மேனேஜர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அடுத்த இடத்தில், "அனுபவம் இருக்கா?" என்றார்கள். பதினாறு வருஷம் என்றாள். எதிரே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தப் பதவியில் என்று கேட்டார். சொன்னாள். அவர் பழையபடி சாய்ந்துகொண்டார். இன்னொரு இடத்தில், "சாயங்காலப் படிப்பா? அதுல செய்முறையெல்லாம் ஒழுங்கா நடக்குமா?" என்றார்கள். மற்றொரு இடத்தில் வயதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். அனுபவம் இல்லாமல் வேலை கிடையாது, வேலை கிடைக்காமல் அனுபவம் கிடையாது. இந்தச் செக்கை எந்தப் புண்ணியவான் செய்து வைத்தானோ, அதில் சுற்றிச் சுற்றியே அவளுக்குக் கால் தேய்ந்தது. பதினோரு ஆஸ்பத்திரி.

இதற்கு மேல் ஒரு சட்டம் வேறு. தேறிய இரண்டு வருஷத்துக்குள் நர்சாக எங்கேயாவது சேர்ந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பதிவு ரத்து. முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும். இரண்டு வருஷம் முடியப் பதினெட்டு நாள் இருக்கும்போதுதான் பன்னிரண்டாவது ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

அங்கே மேட்ரன் கறாரான மனுஷி. சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "சாயங்காலம் படிச்சீங்களோ விடியக்காலம் படிச்சீங்களோ, எனக்கு அதப் பத்திக் கவலையில்ல. உங்க வேலைய நான் பாக்கணும், அப்புறம்தான் எடுக்கறதப் பத்திப் பேச்சு. நாளைக்கு ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் ஆண்கள் வார்டு. எட்டுக் கட்டில் உங்களுது" என்றார். இரண்டு வருஷத்தில் அவளிடம் நியாயமாகப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

மறுநாள் காலை அவள் வேலை செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ட்ரிப்ஸ் ஏற்ற மூன்று பேர் தேடியும் நரம்பு அகப்படாத கையில் ஒரே குத்தில் ஏற்றினாள். இரண்டாம் நம்பர் கட்டில்காரருக்கு ராத்திரியிலிருந்து சிறுநீர் குறைந்துகொண்டே வருவதைக் கணக்குத் தாளில் பிடித்து, ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் நின்றார். தாளை வாங்கிப் பார்த்தார். "நல்ல வேளை சொன்னீங்க, சிஸ்டர்" என்று மருந்தை மாற்றி எழுதினார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குத்தான் ஏழு வருஷம். அவள் மருந்து அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து அரை நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வந்தாள்.

பதினொன்றரைக்கு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். எட்டாம் நம்பர்காரருக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டாக வேண்டும். அதை எடுக்கத்தான் வண்டியின் பூட்டைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து நாலாம் நம்பரிலிருந்து ஒரு பெண், "யாராவது வாங்களேன்!" என்று குரல் கொடுத்தாள். அவளுடைய அப்பா பக்கவாதம் வந்து படுத்தவர். படுக்கையிலேயே வெளிக்குப் போய்விட்டிருந்தார். வார்டு முழுக்க நாற்றம். பக்கத்துக் கட்டில்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படுத்தார். கிழவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். வார்டு ஆயா இன்னொரு நோயாளியை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள்.

சிஸ்டர் என்ன செய்ய வேண்டும்? பெல்லை அழுத்தி வேறு ஆயாவைக் கூப்பிட்டுவிட்டு, ஊசியைப் போட்டு, வண்டியைப் பூட்ட வேண்டும். இதே கேள்வி பரீட்சையில் வந்தது. முழு மதிப்பெண் வாங்கினாள்.

யோசனை வருவதற்குள் அவள் கை கிளவுஸை மாட்டிவிட்டது. பேசினில் வெந்நீர், தோளில் இரண்டு துண்டு, கக்கத்தில் புது விரிப்பு. "ஒண்ணுமில்லப்பா, எல்லாருக்கும் ஆகறதுதான். இந்தப் பக்கம் லேசா சாயுங்க, நான் புடிச்சிருக்கேன்" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே துடைத்தாள், கழுவினாள், முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்தாள், பவுடர் போட்டாள், கிழவர் படுத்திருக்கும்போதே அடியில் விரிப்பை மாற்றினாள். ஒரு மடிப்பு கிடையாது. கிழவர் கண்ணைத் திறந்தார். அவருடைய மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்காவுக்கு மனசு நிறைந்திருந்தது. பாவி, திரும்பிப் பார்க்கும்வரை நிறைந்துதான் இருந்தது.

வார்டு நடுவில் மருந்து வண்டி திறந்தபடி நின்றது. அதன் மூடிமேல் மேட்ரன் கை வைத்திருந்தார். அந்தப் பக்கம் எட்டாம் நம்பர்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமா திறந்து கிடக்கு?"

"இருபது நிமிஷம் இருக்கும், மேடம்."

"ஊசி?"

"போடல, மேடம்."

"பெல் அடிச்சிருந்தா கீழ இருந்து ஆயா வந்திருப்பாங்களே?"

"தோணல, மேடம்."

நிஜமாகவே தோன்றவில்லை. ஆயாவைக் கூப்பிட வேண்டும் என்று ஆயாவுக்கு எப்படித் தோன்றும்?

எட்டாம் நம்பர்காரருக்குச் சர்க்கரை எகிறியது. டாக்டர் வந்து பார்த்தார், வேறு அளவில் ஊசி போட்டார்கள், இறங்கியது. ஒரு மணிக்கு மேட்ரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க செஞ்சது கெட்ட காரியம் இல்ல. இந்த ஆஸ்பத்திரியில யாரும் ஒரு ஆள அவ்வளவு நல்லாத் திருப்பிப் போட்டு நான் பாத்ததில்ல. ஆனா மருந்து வண்டியத் திறந்து போட்டுட்டுப் போறவங்களை நம்பி நான் ஒரு வார்டக் குடுக்க முடியாது."

"இன்னும் ஒரு நாள் குடுங்க மேடம். இனிமே நடக்காது."

"நடக்கும். மறுபடி யாராவது கூப்பிட்டா நீங்க ஓடுவீங்க. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

மேட்ரன் சான்றிதழை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "ஆயா வேலை ஒண்ணு காலியா இருக்கு. நான் சொன்னா இன்னிக்கே சேத்துப்பாங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அவளை அடித்துப் போட்டது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். நமக்கென்ன, தோன்றும். இனி ஏறி இறங்க அந்த ஊரில் ஆஸ்பத்திரி பாக்கியில்லை. மகள் வரும் வருஷம் கல்லூரிக்குப் போக வேண்டியவள். வேனோ நாளுக்கொரு சத்தம் போடுகிறது. "சரி மேடம்" என்றாள். கேட்டவரே அவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

மாடிப்படி இறங்கும்போது போன் அடித்தது. பரீட்சை லீவில் வீட்டில் இருந்த மகள்.

"என்னம்மா, எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டாங்கம்மா. ஆனா..."

"அப்பா! அம்மாவ எடுத்துக்கிட்டாங்க! அம்மா சிஸ்டர் ஆயிட்டாங்க!" அந்தப் பக்கம் கணவர் கையைத் தட்டுவது கேட்டது. யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் பேசி முடித்து யாராவது போனைக் காதில் வைப்பார்கள் என்று படியிலேயே காத்து நின்றாள். அந்தக் கும்மாளத்தில் போன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட அவளுக்குத் தைரியம் வரவில்லை. இப்படி ஒரு நிலைமை எதிரிக்கும் வரக் கூடாது.

கீழே ஆபீசில் கிளார்க் ஒரு படிவத்தை எடுத்துத் தானே நிரப்ப ஆரம்பித்தார். வயது, விலாசம், கணவர் தொழில்.

"படிப்பு?"

"பி.எஸ்சி. நர்சிங்."

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "ஏங்க, இத எழுதினா ஃபாரம் மேல போகாது. அதிகப் படிப்பு, நிலைக்க மாட்டாங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. போன வருஷம் ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. பத்தாவது பாஸ்தானே?"

"பாஸ்."

"அது போதும். அதுக்கு மேல படிக்கலன்னு கீழ ஒரு வரி இருக்கணும். அத மட்டும் நான் எழுதக் கூடாது, நீங்கதான் உங்க கையால எழுதணும்." படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். பேனாவையும் நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கினாள். பின்னால் வரிசையில் நின்றவர் செருமினார். குனிந்து, கோடு பிசகாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்: பத்தாம் வகுப்புக்கு மேல் நான் எதுவும் படிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டாள். தேதி மறந்துவிட்டது; கிளார்க்கைக் கேட்டு அதையும் போட்டாள்.