இரண்டு மைசூர் மைன்ஸ்

எங்கள் மைசூர் மைன்ஸில் அரண்மனையும் இல்லை, தசராவும் இல்லை. மைசூர் நகரத்துக்குப் போவதென்றால் எங்களுக்கு ஒரு நாள் பயணம். மைசூர் ராஜ்ஜியத்து மண்ணில் தோண்டிய தங்கச் சுரங்கம் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், பெயரை யாரும் மூடவில்லை. அங்கிருந்துதான் தினமும் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறேன்.

போன வருஷம் ஒரு கிரகப்பிரவேசத்துக்காகக் குடியாத்தம் பக்கம் டவுன் பஸ்ஸில் போனபோது, கண்டக்டர் "மைசூர் மைன்லாம் எறங்கு" என்று கத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிரகப்பிரவேசமாவது ஒன்றாவது, இறங்கிவிட்டேன். இப்படி ஒன்று காதில் விழுந்தால், சங்கதி தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ஊரைவிட்டுத் தள்ளி ஒரே ஒரு தெரு. வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த வயதான அம்மாவிடம் பெயர்க் காரணம் கேட்டேன்.

"நீ எங்கேர்ந்து வர்ற?"

"மைசூர் மைன்ஸ்லேர்ந்து."

"இருமல் ஏதாச்சும் இருக்குதா?"

இல்லை என்ற பிறகுதான் உட்காரச் சொன்னார். சுரங்கத்தில் கல்தூசி நெஞ்சை அடைத்து, இருமிக்கொண்டே தனியாகத் திரும்பி வந்தவர்களை ஊருக்குள் விடவில்லையாம். தள்ளிக் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். 'மைசூர் மைன் பக்கம் போகாதே' என்று பிள்ளைகளை மிரட்டி மிரட்டியே பெயர் நிலைத்துவிட்டது.

"பொண்டாட்டி புள்ளைங்கள ஏம்மா கூட்டிக்கினு வரல?" என்றேன். அது வெறும் ஆர்வத்தில் கேட்டதில்லை. என் தாத்தாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இந்தக் குடியாத்தம் பக்கத்துக்காரர். அப்பா சிறுவனாக இருந்தபோது, ஊருக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவே இல்லை. தங்களை அநாதையாக விட்டுவிட்டு ஓடிப்போனவர் என்பதற்குமேல் அப்பா அவரைப் பற்றிப் பேசமாட்டார்.

"புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்னுதான். எங்க மாமனாரும் அப்டித்தான் தனியா வந்தாரு. எங்க வூட்டுக்காரரு பெரியாளாகி, அப்பால தேடிக்கினு வந்தாரு."

தாத்தாவின் பெயரைச் சொன்னேன். அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. அவர் இதே தெருவில்தான் இருந்தாரா என்று சொல்லவும் ஆளில்லை. பெரிய ஏமாற்றத்தோடு வீடு திரும்பினேன்.

அப்பாவும் சுரங்கப் பாதாளத்தில் வேலை பார்த்தவர். அவர் நெஞ்சிலும் அதே தூசிதான். கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் ஒற்றை அறையில், எங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டுதான் வருஷக்கணக்காக இருமுகிறார். எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது தொற்றுநோய் அல்ல என்று டாக்டர் அவருக்கு எப்போதோ சொல்லிவிட்டார்.

அந்த அம்மா சொன்னதைச் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாடா சொல்ற? அது ஒட்டாதே" என்றார். சற்று நேரம் இருமினார். "ஒட்டாதுன்னு எங்கப்பாகிட்ட ஒருத்தர்கூடவா சொல்லல?"

சொல்லும்போதே அழுதுவிட்டார்.