எல்லாம் வெட்டினால் மிஞ்சுவது

ரியூட்டரியில், அதாவது தனியார் வகுப்பில், கணிதம் படிப்பிப்பவருக்குப் பெரிய தொண்டை வேண்டும். எனக்கு இருப்பது பட்டம் மட்டுமே. எங்கள் வீட்டில் கம்பஸ் போன முதல் ஆள் நான். உரும்பிராயில் தரம் பத்து வகுப்பு ஒன்று கிடைத்த அன்றே அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் முதல் சோதனையில் பிள்ளைகள் அட்சரகணிதப் பின்னங்களைச் சுருக்கிக் காட்டாவிட்டால், வகுப்பு அடுத்த ஹோலில் மைக் பிடித்துப் படிப்பிக்கும் சேருக்குப் போய்விடும் என்று ரியூட்டரி நடத்தும் அண்ணை சொல்லியிருந்தார். இந்தத் தலைப்பைப் படிப்பித்தவர்களுக்கு என் நிலைமை விளங்கும்.

மேலையும் கீழையும்

a⁶/a² என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். முன்வாங்கில் கஜந்தினி இரண்டு a-க்களையும் ஒரே கோட்டில் வெட்டி, ஆறின் கீழ் இரண்டு, விடை மூன்று என்று முடித்திருந்தாள். சுட்டியைக் கழிக்க வேண்டும், விடை a⁴ என்றேன். அவள் பணிவாகவே கேட்டாள்: "a மேலையும் கிடக்கு, கீழையும் கிடக்கு. வெட்டாமல் என்ன ரீச்சர் செய்யிறது?"

பாண்

மறுநாள் a-க்களை மேலே ஆறு, கீழே இரண்டு என்று விரித்து எழுதிச் சோடி சோடியாக வெட்ட விட்டேன். பிடித்துக்கொண்டார்கள். அந்தத் துணிவில் a³/a³ கொடுத்தேன். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, மிச்சமில்லை என்று வகுப்பே பூச்சியம் போட்டது.

"பேக்கரியில் வாங்கிய மூன்று பாணை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பூச்சியமா?" என்று கேட்டேன். பின்வாங்கிலிருந்து பதில் வந்தது: "பாண் எண்டா ஒண்டு, ரீச்சர். இது a எல்லோ."

அரைச்சுவருக்கு அப்பால்

மறைச் சுட்டிகள் நிறைந்த நீண்ட கணக்கொன்றைப் பலகை முழுக்கச் செய்து, கடைசி வரியில் 1 என்று எழுதினேன். அரைச்சுவருக்கு வெளியே கஜந்தினியின் அப்பா, வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்த கோலத்தில், மோட்டார்சைக்கிளில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஹோலில் சேரின் மைக் முழங்கியது. அந்த அப்பா அண்ணையிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "அண்ணை, உந்த ரீச்சர் பிள்ளை இவ்வளவு நேரம் மினக்கெட்டு ஒண்டிலதான் வந்து நிக்குது. அங்காலை பாருங்கோ, விடையே ஒரு முழத்துக்கு வருது."

சோதனை

கேள்விகளை அண்ணையே போட்டார். தாள்களையும் என் கண்முன்னே அவரே திருத்தினார். கதிரை இருந்தும் நான் உட்காரவில்லை. முதல் தாள் கஜந்தினியுடையது. a-க்களை விரித்து எழுதி, ஒவ்வொன்றாக வெட்டி, எல்லாம் போன இடத்தில் சின்னதாய் ஒரு பாண் கீறி, பக்கத்தில் 1 என்று எழுதியிருந்தாள். சரி. அடுத்த தாளிலும் பாண். அதற்கடுத்ததிலும்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, வகுப்பை நீரே எடும். ஆனா பாணை விட்டிட்டு வேறை ஏதும் சொல்லும். திருத்திற எனக்கே பசிக்குது."

பயம் எனக்கும் இருந்தது, பிள்ளைகளுக்கும் இருந்தது. இரண்டையும் வெட்டிய பிறகு மிஞ்சியது பூச்சியமில்லை என்பதே இப்போதைக்கு நிம்மதி.