ஆஞ்சப்பன் வரப்போரம் வந்த கம்ப்யூட்டர் குடோன்

"வேல செஞ்சா சூடாவும், செரி. எனக்குந்தான் ஒடம்பு சூடாவுது. அதுக்கு ஊரு தண்ணியெல்லாம் கொண்டாந்து என் தலையிலயா ஊத்தறீங்க?"

பேரிகைப் பக்கம் எங்க ஊர்ல ஆஞ்சப்பன் மாமா அப்பல்லாம் இத சொல்லாத நாளில்ல. பால் சொசைட்டியில சொல்வாரு, பஸ் கண்டக்டர்கிட்ட சொல்வாரு, கறக்க உக்காந்தா மாட்டுகிட்டயும் சொல்வாரு. "செரி"க்கு அப்பறம் ஒரு பெருமூச்சு உடுவாரு பாருங்க, அது இல்லாம அவரு மாதிரி பேசிக் காட்டினா எங்க ஊர்ல ஒருத்தனும் சிரிக்க மாட்டான்.

அவரு சொன்னது, பக்கத்துல வந்த கம்ப்யூட்டர் குடோன. கம்பெனிக்காரங்க டேட்டா சென்டர்னாங்க. ஆளே இல்லாம கம்ப்யூட்டருங்கள மட்டும் அடுக்கி வெச்சு ராப்பகலா ஓட்டுவாங்களாம். சூடு தணிக்க தண்ணி வேணுமாம். அதுக்கு போர் போட குறிச்ச எடம் மாமாவோட வரப்போரம். வரப்புக்கு இந்தாண்ட அவரோட ஒரே போரு. கோஸு, தக்காளி, ரெண்டு மாடு, எல்லாம் அத நம்பித்தான்.

கூத்து இன்னான்னா, அவங்களுக்கு வழி காட்டினதே மாமாதான்.

ரெண்டாயிரத்தி எட்டு. பொண்ணு சௌமியாவுக்கு மாப்ள பாத்துகினு இருந்தாங்க. எங்க பக்கம் பொண்ணு பாக்க வர்றதுக்கு மின்ன, மாப்ள வூட்டு ஆளுங்க சும்மா போற மாதிரி வந்து, நெலம் எப்பிடி, போர்ல தண்ணி எப்பிடின்னு வெசாரிப்பாங்க. யாருன்னு சொல்ல மாட்டாங்க. நாமளும் கேக்கக் கூடாது.

கெலமங்கலத்துலருந்து ஆளு வருவாங்கன்னு தரகரு சொன்ன வாரம், ஒரு ஜீப்பு வந்து நின்னுச்சு. இஸ்திரி சட்ட போட்ட ரெண்டு பேரு. "பெரியவரே, இங்க தண்ணி எப்பிடி?"

மாமா தோள்லருந்த துண்ட எடுத்து ஒதறினாரு. "தண்ணியா? சித்திரையில கூட கொறையாதுங்க. கரண்டா? பெரிய லைனு அதோ போவுது. பங்காளி சண்ட, வில்லங்கம், இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாது. மாரம்மா, காபி!"

மாரம்மா அத்த காபிய சௌமியா கையில குடுத்து அனுப்புச்சு. வந்தவங்க காபிய மட்டும் பாத்தாங்க.

பக்கத்து நெலம் பெங்களூர்ல இருக்கற ஒருத்தரோடது. அவரு அத அந்த ஜீப்புல வந்த கம்பெனிக்கே வித்துட்டாரு. அடுத்த மழைக்குள்ள கம்பி வேலி வந்துடுச்சு.

போர் போடற வண்டி வந்தப்ப ஊரே வழிய மறிச்சு ரோட்டுல உக்காந்துது. தார்ப்பாய் கட்டி, அடுப்பு மூட்டி, அங்கயே சோறு. கம்பெனி ஜீப்பு தூரத்துல தெரிஞ்சா போதும், யாராச்சும் ஆரம்பிப்பான். "மாமோய், சம்பந்தி வர்றாரு, எந்திரிங்க!"

"உனக்குத்தான்டா பொண்ணு குடுக்க வர்றாங்க. மூஞ்சி கழுவிகினு வா."

திங்கக்கெழமைன்னா கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ்ல மனு. மாமா திரும்பி வந்து தார்ப்பாய் கீழ சாய்வாரு. "போறப்ப பஸ்ல நின்னேன், அங்க வரிசையில நின்னேன், வர்றப்பவும் நின்னேன். இங்க ஒண்டிதான் குந்தறேன்."

போகப் போக தார்ப்பாய் கீழ எடம் தாராளமாச்சு. சென்னகிருஷ்ணன் பையனுக்கு அந்தக் கம்பெனியிலயே செக்யூரிட்டி வேல. மறுநாள்லருந்து சென்னகிருஷ்ணனுக்கு முட்டி வலி. இன்னொருத்தருக்கு தக்காளி பறிக்க ஆளில்ல. சோறாக்கற வெள்ளையம்மா, "நாலு பேருக்கு இம்மாம் பெரிய குண்டான் எதுக்கு?"ன்னு வூட்டுக்குத் தூக்கிகினு போயிடுச்சு. மாமா ஒருத்தரையும் திட்டல. திட்டவும் தெம்பு வேணுமில்ல.

கடைசியா தாலுகா ஆபீஸ்ல பேச்சுவார்த்தைன்னு கூப்ட்டாங்க. மேனேஜரு கொரலு வெண்ண மாதிரி. "ஆஞ்சப்பா சார், ஒர்ரி பண்ணாதீங்க. உங்க போரு வத்துச்சுன்னா டெய்லி ஒரு டேங்கர் ஃப்ரீ. இங்க ஒரு சைன் மட்டும்." மத்தவங்க போட்டுட்டாங்க. மாமா போடல.

அவரு போடாததால ஒண்ணும் நின்னுடல. மறுவாரமே போர் வண்டி உள்ள போச்சு. அடுத்த வெயிலுக்கு மாமாவோட போரு தண்ணிக்குப் பதிலா காத்து தள்ளுச்சு. மாடுங்கள வித்தாரு. இப்ப யாரு சீண்டினாலும் "ம்"னு போயிடறாரு. அந்தக் குடோனப் பத்தி அவரு கடைசியா வாய் தொறந்தது அன்னிக்கு, மேனேஜரு நீட்டின பேனாவத் திருப்பிக் குடுத்துகினே:

"டேங்கர அவ்ளோ நம்பலாம்னா அத உங்க மெசினுக்கு உடுங்க சார், போர எனக்கு உடுங்க. ஒரு நாளு லாரி வரலன்னா நீங்க போன் போட்டு திட்டுவீங்க. என் கோஸு யாருக்கு போன் போடும்?"