மல்லிகா மீண்டும் பூட்டிய பழைய கேம்ஷாஃப்ட்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது மல்லிகாவின் மகள் அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க." வெட்டி வைத்த மீனை வாங்காமலேயே வெளியே வந்துவிட்டேன்.

ஆங் மோ கியோவில் நானும் மல்லிகாவும் சேர்ந்து நடத்திய கார் பட்டறைக்கு வந்துபோன உங்களுக்கு அவருடைய கோபம் தெரியும். "எப்ப கிடைக்கும்?" என்று கேட்டால், "முதல்ல வண்டிக்கு என்னன்னு சொல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு நினைவில் நிற்பது ராஜேந்திரனின் கார்.

தெம்பனிஸிலிருந்து அவர் கொண்டுவந்தது அவருடைய அப்பா ஓட்டிய பழைய வண்டி. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. அதே அளவில் கிடைக்காததால் வேறொன்றை வரவழைத்து நான் பூட்டி முடித்தேன். மல்லிகா இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தார்.

"குமார், இங்க பாரு."

புதிய கேம்ஷாஃப்ட் வால்வை முன்பைவிட ஆழமாக அழுத்தியது. வால்வைத் திரும்ப மூடும் பழைய ஸ்பிரிங்கின் சுருள்கள் இடைவெளியே இல்லாமல் முட்டி நின்றன. ஓட்டினால் உள்ளே ஏதாவது உடையும். பொருத்தமான ஸ்பிரிங் வர ஒரு மாதமாகும் என்று உதிரிபாகக் கடையில் சொன்னார்கள்.

போனில் இதைக் கேட்ட ராஜேந்திரன், "அப்பாவுக்கு அவ்வளவு நாள் இல்லக்கா. ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஒரு தடவை அதுல உக்காரணும்னு கேட்டாரு" என்றார்.

மல்லிகா போனை வைத்தார். "புதுசைக் கழட்டு. பழசையே போடுவோம்."

எனக்கு எரிச்சல். "இவ்வளவு வேலையும் வீணா? அது தேஞ்சு போனதுலா."

"தேஞ்சாலும் இந்த ஸ்பிரிங்குக்கு அதுதான் சரி. சத்தம் போடும், மெதுவா போகும். அவர் என்ன ரேஸா ஓட்டப் போறாரு?"

கேமின் மேல் உரசும் டாப்பெட்டுகளை, கழற்றிய வரிசை மாறாமல் ஒரு முட்டை அட்டையில் வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் திருப்பி வைத்தார். மறுநாள் கார் ஓடியது.

வேகம் கூடாது என்பதால் மல்லிகாவே ஓட்டினார். ராஜேந்திரனின் அப்பாவான பெரியவர் முன்னால், ராஜேந்திரனும் நானும் பின்னால். கடற்கரைச் சாலையில் பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"என்னம்மா, தையல் மெஷின் மாதிரி சத்தம் போடுது?"

"அதுக்கும் வயசாயிடுச்சு ஐயா. மெதுவா போனா ஒண்ணும் பண்ணாது."

பெரியவர் சிரித்தார். கார் நிறுத்துமிடத்தில் மல்லிகா இன்ஜினை அணைத்துவிட்டு, அவரை மெல்ல ஓட்டுநர் இருக்கைக்கு மாற்றினார். பெரியவர் தானே சாவியைத் திருப்பினார். வண்டி நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "அவசரப்படுத்தாத" என்றார் மல்லிகா.

ஸ்பிரிங் வந்து சேர்ந்தபோது பெரியவர் இல்லை. புதிய கேமைப் புதிய ஸ்பிரிங்குகளோடு மீண்டும் பூட்டினோம்.

முடித்த வேலையையும் ஒரு மனிதருக்காக முகம் சுளிக்காமல் கழற்றுவது: மல்லிகாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். என் முகம் இன்னும் சுளிக்கத்தான் செய்கிறது. கை மட்டும் ஸ்பேனரை எடுத்துவிடுகிறது.