அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது யார்?

என் அக்காவை எல்லோரும் பொறுமைசாலி என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தலையில் நோகாமல் மிளகாய் அரைத்தவர்கள் சூட்டிய பட்டம் அது.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது நான் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருந்தேன். வீட்டில் அக்காவோடு மலைபோல் இரண்டு அண்ணன்கள். ஆனால் புண் வராமல் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அக்காதான். அண்ணன்கள் அறை வாசலில் நின்று, "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பெற்ற அப்பாவுக்கே விருந்தாளிகள்!

இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள், மொழித் தேர்வில் தேற வேண்டும் என்று தெரிந்ததும் அக்கா மாலை வகுப்பில் சேர்ந்தாள். அந்த நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொண்டது யார் தெரியுமா? பக்கத்து வீட்டம்மா. அண்ணன்கள் கூடத்தில் டிவி பார்த்தார்கள்.

ஒருநாள் ஆசிரியை, வீட்டில் யார் யார் என்னென்ன செய்தாக வேண்டும் என்று இத்தாலியனில் சொல்லச் சொன்னாராம். 'தேவோ' என்றால் நான் செய்தாக வேண்டும். அக்கா தேவோ, தேவோ என்று மடமடவென்று கொட்டினாள். துவைக்க, சமைக்க, மருந்து கொடுக்க.

"சரி, 'தேவோனோ'ன்னா அவங்க செய்யணும். அதுல ஒண்ணு சொல்லுங்க."

அக்கா மறுபடியும் 'தேவோ' என்றே ஆரம்பித்தாள்.

"ஏன், வீட்டுல வேற ஆளே இல்லையா?"

"இருக்காங்க டீச்சர். ரெண்டு அண்ணனுங்க."

வகுப்பே சிரித்ததாம். என்னிடம் சொல்லும்போது அக்கா சிரிக்கவில்லை.

தேர்வில் தேறினாள், வேலையும் கிடைத்தது. அவளை வழியனுப்ப நான் ஒரு வாரம் முன்னதாகவே போயிருந்தபோதுதான் அண்ணன்களுக்குக் கடமை ஞாபகம் வந்தது. அவளுடைய கடமை!

"பெத்த அப்பனை விட்டுட்டு ஊரான் வீட்டுக் கிழவனுக்குச் சேவகம் பண்ணப் போறியா? இவரை யாரு பாப்பாங்க?" என்றான் பெரியண்ணன்.

வெட்கங்கெட்டவன் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அக்கா அவன் கையைப் பிடித்துக் கட்டிலருகே கூட்டிப்போனாள்.

"தோளுக்கு அடியில ஒரு கை குடு. இடுப்புல ஒண்ணு. இப்ப மெதுவா உன் பக்கம் திருப்பு."

"எனக்கு இதெல்லாம் வராதும்மா."

"எனக்கு மட்டும் இத்தாலியன் வந்துச்சா? உக்காந்து படிச்சேன். நான் கிளம்ப இன்னும் ஒரு வாரம் இருக்கு, படி."

பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சின்னண்ணே, டிவிய அணைச்சிட்டு நீயும் வா."